மார்க் எங்கே ஒழுகுகிறது? போட்டித் தேர்வு எழுதும் சின்னப் பிள்ளைகளின் விடைத்தாளைப் படிக்கும் முறை

மாதிரித் தேர்வின் விடைத்தாள் வீட்டுக்கு வந்ததும் முதலில் மொத்த மார்க்கைப் பார்ப்போம். அடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய பிள்ளைக்கு எவ்வளவு என்று கேட்போம். அதோடு தாள் மடிந்து பைக்குள் போய்விடும். மறுநாள் புதிதாக இன்னொரு பயிற்சிப் புத்தகம் வீட்டுக்கு வரும்.

அந்தத் தாளைத் தயவுசெய்து மடித்து வைத்துவிடாதீர்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 19 வருடங்களாகப் பாடம் எடுக்கிறேன். உதவித்தொகைத் தேர்வு, நுழைவுத் தேர்வு, கணக்குப் போட்டி என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு கூட்டத்தைத் தயார் செய்து அனுப்புகிறேன். இத்தனை வருடத்தில் நான் கண்டது இதுதான்: இந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தெரியாததால் போகும் மார்க்கைவிட, தெரிந்திருந்தும் போகும் மார்க்தான் அதிகம். எதனால் போகிறது என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஒருத்திக்குக் கண், ஒருவனுக்குத் தூக்கம், இன்னொருவனுக்கு வீட்டில் யாரோ சொன்ன ஒரு வார்த்தை. காரணம் தெரியாமல் பயிற்சியை மட்டும் கூட்டிக்கொண்டே போவது, ஓட்டை எங்கே என்று பார்க்காமல் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. ஓட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தேர்வு முடிந்த அன்றைக்கே ஆரம்பிக்க வேண்டாம், பிள்ளை களைத்திருக்கும். மறுநாள் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். வினாத்தாள், ஒரு வெள்ளைத்தாள், வேறு நிறத்தில் ஒரு பேனா போதும். தப்பாகப் போன கேள்விகளை மட்டும் மறுபடி செய்யச் சொல்லுங்கள். சரியான விடையை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். நேரக் கணக்கும் வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை: கேள்வியைச் சத்தமாகப் படித்து, மனதில் ஓடுவதைச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. பெற்றவர்களுக்கு இதுதான் கஷ்டமான பகுதி. "அதான் இல்லையே" என்று நாக்கு நுனி வரை வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஒரு பையனோடு இப்படி உட்கார்ந்தேன். கேள்வி இது: "ஒரு பெட்டியில் 48 பென்சில்கள் இருந்தன. அவற்றில் மூன்றில் ஒரு பங்கை ஆசிரியர் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். பெட்டியில் மீதி எத்தனை?" அவன் போட்டிருந்தது 16. அவன் அப்பாவோ, "பின்னமே வரலை டீச்சர், மறுபடி முதல்லேர்ந்து நடத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பையன் பென்சில் முனையை வார்த்தைகளுக்குக் கீழே நகர்த்திக்கொண்டே படித்தான். "கொடுத்தார்" என்ற இடத்தில் முனை நின்றது. "48ஐ 3ஆல வகுத்தா 16" என்றான், கண் உடனே விடைகளுக்குத் தாவியது. முதல் விடையே 16. முகம் மலர்ந்தது. கடைசி வாக்கியத்தை அவன் படிக்கவே இல்லை. பின்னம் அவனுக்கு நன்றாகவே வருகிறது.

அந்த 16 தற்செயலாக அங்கே இருக்கவில்லை. பாதி வழியில் நின்றுவிடும் பிள்ளை எந்த விடையோடு நிற்கும் என்று யோசித்துத்தான் வினாத்தாள் தயாரிப்பவர்கள் அதை விடைகளில் ஒன்றாக வைக்கிறார்கள். ஒன்பது வயதில், மனதில் ஒரே நேரத்தில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய விஷயங்கள் மிகக் குறைவு. 48, மூன்றில் ஒன்று, கொடுத்தார், மீதி என்று நான்கைச் சுமக்கும்போது ஏதாவது ஒன்று நழுவிவிடும். இதை அலட்சியம் என்று திட்டினால் தீராது. அவனுக்கு இரண்டு பழக்கங்களைச் சொல்லிக்கொடுத்தேன். கணக்கில் இறங்குவதற்கு முன் "கேட்பது என்ன" என்று பார்த்து, அந்த ஒரு சொல்லைப் பென்சிலால் வட்டமிடுவது. இடைவிடை வந்ததும் அதை ஓரத்தில் எழுதிவிட்டு, வட்டமிட்ட சொல்லை மறுபடி பார்ப்பது. "பொருந்தாதது எது", "சரியல்லாத கூற்று எது" போன்ற கேள்விகளுக்கும் இதே மருந்துதான். அங்கே வட்டம் "தாதது", "அல்லாத" என்ற பகுதி மேல் விழ வேண்டும்.

இப்படி ஒவ்வொரு தப்புக்கும் ஒரு பெயர் வையுங்கள். என் பிள்ளைகள் தனியாக ஒரு பிழை நோட்டு வைத்திருப்பார்கள். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஓர் எழுத்து. தெரியாததற்கு 'தெ'. வாசிப்பில் தவறியதற்கு 'வா'. செய்முறை சரியாக இருந்து கூட்டலிலோ எழுதுவதிலோ சறுக்கியதற்கு 'கை'. நேரம் போதாமல் விட்டதற்கு 'நே'. விடை தெரிந்தும், விடைத்தாளில் நிரப்ப வேண்டிய சின்ன வட்டத்தை, அதாவது குமிழை, மாற்றி நிரப்பியதற்கு 'கு'. எழுத்தைப் பிள்ளையே போட வேண்டும். மூன்று நான்கு மாதிரித் தேர்வுகள் முடிந்தபின் நோட்டைப் புரட்டினால், எந்த எழுத்து வரிசையாக நிற்கிறதோ அங்கேதான் வேலை.

'வா' அதிகம் என்றால் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுக் கதைப் புத்தகத்தை எடுங்கள். வாசிப்பு தடுமாறும் பிள்ளை எல்லாப் பாடத்திலும் தடுமாறும். எழுத்துக் கூட்டுவதிலேயே மனதின் பலம் தீர்ந்துபோனால், யோசிக்க ஒன்றும் மிஞ்சாது. சோதித்துப் பார்ப்பது எளிது. ஐந்து கணக்குகளை நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், அதே தரத்தில் ஐந்தை அவர்களே படித்துச் செய்யட்டும். நீங்கள் படித்துக் காட்டியதில் மட்டும் சரியாக வந்தால் பிரச்சினை வாசிப்பில்தான். தினமும் கால்மணி நேரம் சத்தமாக வாசித்தால், மாதக்கணக்கில், மாற்றம் தெரியும். வாரக்கணக்கில் எதிர்பார்க்காதீர்கள். வீட்டில் பேசும் மொழி ஒன்று, தேர்வு மொழி வேறொன்று என்றால் இன்னும் பொறுமை வேண்டும். 'மீதி', 'வித்தியாசம்', 'தலா', 'குறைந்தபட்சம்' போன்ற கேள்விச் சொற்களை அந்த மொழியில் தனியாக ஒரு பட்டியல் போட்டுப் பழக்குங்கள்.

'கை' அதிகம் என்றால் அவசரப்பட்டுத் திட்டுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது கண். என் வகுப்பில் ஒரு பெண் 3ஐ 8ஆகவும் 6ஐ 0ஆகவும் எடுத்துக்கொண்டே இருந்தாள். தசமப் புள்ளி காணாமல் போய்விடும். கரும்பலகையில் கடைசி பெஞ்சிலிருந்தும் தெளிவாகப் படிப்பாள். அதனால் கண்ணைப் பற்றி யாருக்கும் சந்தேகமே வரவில்லை, எனக்கும்தான். கவனக்குறைவு என்றே இரண்டு மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன், அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது. ஒருநாள் பெரிய எழுத்தில் நான் கையால் எழுதிய தாளைக் கொடுத்தேன். ஒரு தப்பும் இல்லை. பரிசோதித்தபோது தூரப் பார்வை நன்றாக இருந்தது, கிட்டத்தில்தான் குறை. நெருக்கமாக அச்சடித்த வினாத்தாள் ஒரு மணி நேரம் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! கண் பரிசோதனைக்குப் போனால் தூரம், கிட்டம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே காதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது தூக்கம். கைத்தவறுகள் தாளில் எங்கே விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். முதல் 30 கேள்விகள் சுத்தமாக இருந்து, கடைசி 20இல் குவிந்திருந்தால், பிள்ளை களைத்துவிட்டது. இரவு 10.30க்குப் படுக்க வைத்து விடிகாலை 4.30க்கு எழுப்பிப் படிக்க வைக்கும் பெற்றோரிடம் ஒவ்வொரு வருடமும் சண்டை போடுகிறேன். 6 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2016இல் பரிந்துரைத்தது. நீங்கள் கொடுப்பது 6. அவி சாதே என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நான்காம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிரித்து, மூன்று இரவுகள் சிலரை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகவும் சிலரை ஒரு மணி நேரம் குறைவாகவும் தூங்கச் சொன்னார்கள். கவனத்தையும் நினைவையும் சோதித்தபோது இரண்டு கூட்டத்துக்கும் இடையே வித்தியாசம் தெரிந்தது. மூன்றே இரவுகள், ஒரு மணி நேரம்தான். அன்றன்று படித்தது மனதில் படிவதும் தூக்கத்தில்தான் நடக்கிறது. தூக்கத்தை வெட்டிப் படிக்க வைத்தால், படித்ததையும் சேர்த்தே வெட்டுகிறோம்.

டென்மார்க்கில் பள்ளித் தேர்வு மதிப்பெண்களை ஆராய்ந்து 2016இல் வெளியான ஒரு கட்டுரை, நாள் போகப்போக மதிப்பெண் குறைவதையும், தேர்வுக்கு முன் 20, 30 நிமிட இடைவேளை கிடைத்தவர்களுக்கு அது ஏறுவதையும் காட்டியது. எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை, மதியம் கடைசிப் பிரிவேளையில் பாடம் நடத்தும் யாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் செய்ய வேண்டியது இருக்கிறது. உண்மையான தேர்வு எத்தனை மணிக்கோ, மாதிரித் தேர்வையும் அதே நேரத்தில் எழுத வையுங்கள். எழுதுவதற்கு முன் அரைமணி நேரம் புத்தகத்தைத் திறக்காமல் நடக்கவோ விளையாடவோ விடுங்கள். வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். அன்றைக்கு மட்டும் விசேஷமாக எதையும் சாப்பிட வைக்கவும் வேண்டாம்.

'நே' என்ற எழுத்து நிறைய இருந்தால், பிள்ளை மெதுவாகச் செய்கிறதா, அல்லது ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். 60 கேள்விக்கு 60 நிமிடம் உள்ள தேர்வில் ஒரு பையன் 9ஆவது கேள்வியிலேயே ஏழு நிமிடம் உட்கார்ந்திருந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முடிந்ததும் ஏன் என்று கேட்டேன். "விட்டுட்டுப் போனா நீங்க திட்டுவீங்களே டீச்சர்." வகுப்பில் எதையும் பாதியில் விடாதே என்று சொல்லி வளர்ப்பதும் நாம்தான். போட்டித் தேர்வில் விட்டுப் போகலாம், அது தப்பில்லை என்று வாய்விட்டு அனுமதி கொடுக்க வேண்டும். இரண்டு சுற்று முறை இதற்குத்தான். முதல் சுற்றில் பார்த்ததும் வருவதை எல்லாம் முடித்துவிட வேண்டும். தயங்க வைத்த கேள்வியின் எண்ணுக்குப் பக்கத்தில், வினாத்தாளில், ஒரு சின்னப் புள்ளி. இரண்டாவது சுற்று புள்ளிகளுக்கு மட்டும். ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று இந்த வயதில் தெரியாது. கண்ணை மூடி, ஒரு நிமிடம் ஆனதும் கையைத் தூக்கச் சொல்லுங்கள். முதல் தடவை பலர் அரை நிமிடத்திலேயே தூக்கிவிடுவார்கள். ஒரு வாரம் விளையாட்டாகச் செய்தால் பழகிவிடும்.

விட்டுப் போகும்போது வரும் ஆபத்துதான் 'கு'. 17ஆவது கேள்வியை விட்ட பிள்ளை, 18க்கான விடையை 17ஆவது வரிசைக் குமிழில் நிரப்பிவிடும். அதற்குப் பிறகு வரும் எல்லாமே ஒரு படி தள்ளிப் போகும். பாவம், எல்லாம் தெரிந்தும் எல்லாம் தப்பு. குமிழ்களை நிரப்பி விடை குறிக்கும், இயந்திரம் திருத்தும் ஓஎம்ஆர் தாளை நிறையப் பெரியவர்கள் அற்பமாக நினைக்கிறார்கள். கோட்டுக்குள் வண்ணம் தீட்டப் பழகி நான்கைந்து வருடமே ஆன விரல்களுக்கு அது தனி வேலை. உண்மையான தாளின் அளவிலேயே நகல் எடுத்து முதல் மாதத்திலிருந்தே பழக்குங்கள். இடது கை விரல் எப்போதும் நிரப்பும் வரிசையின் எண்ணில் இருக்கட்டும் (இடது கையால் எழுதும் பிள்ளைக்கு வலது கை விரல்). ஐந்து கேள்விக்கு ஒருமுறை, வினாத்தாள் எண்ணும் குமிழ் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அடையாளப் புள்ளிகள் வினாத்தாளோடு நிற்க வேண்டும், ஓஎம்ஆர் தாளில் ஒரு கீறல்கூடக் கூடாது.

ஊகித்து எழுதலாமா என்பதையும் வீட்டிலேயே தீர்மானித்து அனுப்புங்கள். தப்புக்கு மார்க் குறைக்காத தேர்வு என்றால் ஒரு குமிழும் காலியாக இருக்கக் கூடாது. நான்கு விடைகள் உள்ள கேள்வியில் தப்புக்கு மூன்றில் ஒரு மார்க் குறைப்பார்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு போடுவதால் சராசரியில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரு விடையை நிச்சயமாகத் தள்ள முடிந்தால் மிச்சம் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது லாபம். பிள்ளையிடம் கணக்கை விளக்க வேண்டாம், "ஒண்ணையாவது அடிச்சுத் தள்ள முடிஞ்சா போடு, இல்லேன்னா விடு" என்றால் போதும்.

'தெ' இருந்தால் மட்டும்தான் பாடம் மறுபடி நடத்த வேண்டும். அதிலும், நடத்திவிட்டுத் திரும்பத் திரும்பப் படிக்க வைப்பதில் பலன் குறைவு. படித்தது எவ்வளவு வேகமாக மறந்துபோகிறது என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து 1885இல் எழுதிவிட்டார். ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006இல் மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். தேர்வு வருவது ஐந்து நிமிடத்தில் இல்லையே. அதனால் புத்தகத்தை மூடச் சொல்லி, உங்களுக்குப் பாடம் நடத்தச் சொல்லுங்கள். மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து அதே வகையில் ஒரு கேள்வி. பின்னக் கணக்காகவே இருபது போடுவதைவிட, பின்னம், காலம், அளவை, வடிவம் என்று கலந்து போடுங்கள். தேர்வில் இது எந்த வகைக் கணக்கு என்று தலைப்பு போட்டுத் தர மாட்டார்கள்.

நோட்டில் எழுத்துப் போட முடியாத ஒரு காரணமும் உண்டு. வீட்டில் எல்லாம் சரி, தேர்வு அறையில் மட்டும் தப்பு. முதல் பக்கத்திலேயே தப்புகள், அழித்து அழித்துத் தாளில் ஓட்டை, தேர்வன்று காலையில் மட்டும் வயிற்றுவலி. இவை பயத்தின் அடையாளங்கள். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பெண் முதல் கேள்விக்கே பேனாவைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் எழுதாமல் இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டதில், "இதுல செலக்ட் ஆகலேன்னா அம்மா யார் மூஞ்சிலேயும் முழிக்க முடியாதாம்" என்றாள். அந்த அம்மா கெட்டவர் இல்லை, உயிரையே வைத்திருந்தார் அவள் மேல். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு கணக்குப் போட முடியாது. மனதில் இருக்கும் சின்ன இடத்தைப் பயமே அடைத்துக்கொள்கிறது.

புகழ்வதிலும் கவனம் வேண்டும். முல்லர், கரோல் ட்வெக் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு புதிர்த் தாள் கொடுத்தார்கள். சிலரிடம் நீ புத்திசாலி என்றார்கள், சிலரிடம் நன்றாக உழைத்தாய் என்றார்கள். பிறகு கடினமான தாள் ஒன்றைக் கொடுத்து எல்லோரையும் தடுமாற வைத்து, மறுபடி முதல் தரத்திலேயே ஒன்று கொடுத்தபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களின் மதிப்பெண் முன்பைவிட இறங்கியது, உழைப்பைப் பாராட்டியவர்களுக்கு ஏறியது. "என் பிள்ளை ஜீனியஸ்" என்று உறவுக்காரர்கள் முன்னால் சொல்வதைவிட, "நேத்து மூணு தடவை முயற்சி பண்ணிப் போட்டே பாத்தியா" என்று தனியாகச் சொல்லுங்கள். இன்னொன்று: உங்களுக்கே கணக்கென்றால் பயம் என்றால், வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்தில் உட்காரும் பொறுப்பை வீட்டில் வேறொருவர் எடுத்துக்கொள்ளட்டும். கணக்குப் பயம் உள்ள பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவும்போது அந்தப் பயம் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்கிறது என்பதை 2015இல் வெளிவந்த ஒரு ஆய்வு முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளிடம் கண்டது.

ஒப்பிடும் பழக்கத்தைப் பற்றி ஒரே வார்த்தை. ஒரே வகுப்பில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் கிட்டத்தட்ட பன்னிரண்டு மாத வித்தியாசம் இருக்கலாம். ஒன்பது வயதில் அது வாழ்நாளில் ஒன்பதில் ஒரு பங்கு. பல நாடுகளின் மதிப்பெண்களை வைத்து பெடார்ட், டூயி இருவரும் 2006இல் காட்டியது, வகுப்பில் வயதில் இளையவர்கள் நான்காம் வகுப்பிலும் பின்தங்கியே இருக்கிறார்கள் என்பதை. பக்கத்துப் பிள்ளையின் மார்க்கைக் கேட்கும் முன் அவளுடைய பிறந்த மாதத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளையின் போன மாதத் தாளோடு இந்த மாதத் தாளை ஒப்பிடுங்கள், அது நியாயமான ஒப்பீடு.

கடைசி வாரம் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். பிழை நோட்டை மட்டும் புரட்டட்டும். தேர்வு நடக்கும் கட்டடத்தை முடிந்தால் முந்தின நாளே போய்க் காட்டிவிடுங்கள், கழிவறை எங்கே என்பது வரை. பென்சில் இரண்டு, அழிப்பான், நுழைவுச்சீட்டு எல்லாம் இரவே பையில் போகட்டும். வாசலில் விடும்போது எழுதும் முறை எதையும் நினைவுபடுத்த வேண்டாம், "முடிச்சிட்டு வா கண்ணு, நான் இங்கேயே இருக்கேன்" போதும்.

வெளியே வந்ததும் கையிலிருந்து வினாத்தாளைப் பிடுங்காதீர்கள். பையை வாங்கிக்கொண்டு தண்ணீர் கொடுங்கள். மதியம் இரண்டாம் தாள் இருந்தால் முதல் தாளில் தெரிந்த தப்பு அங்கேயும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தத் தாளை நாளைக்கு, வேறு நிறப் பேனாவோடு பார்த்துக்கொள்ளலாம்.